எந்தத் தண்ணியில தலை முழுகறது?

சில மாதங்களுக்கு முன்னால் வேலூரில் ஒரு கூட்டம். பாலாறு, மணல், தோல் கழிவு என்று காலையிலிருந்து பேசினார்கள். மதியத்துக்கு மேல் ஒரு தோழியர் எழுந்தார். ஷாம்புவை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, சீயக்காயும் அரப்பும்தான் போடுகிறேன், நம் வீட்டுக் குளியலறையிலிருந்து ஆற்றுக்குப் போகிற ரசாயனத்தையாவது நாம் நிறுத்தலாம் இல்லையா என்று கேட்டார். நியாயமான பேச்சு. நானும் கை தட்டினேன்.

டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்தார். நான் ஆம்பூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியும். என் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள்லாம் மண்ணோட வாழ்ந்தவங்க. நீங்களே ஷாம்பு போடலாமா?"

அன்போடுதான் கேட்டார். கேலி இல்லை. அதனாலேயே பதில் சொல்ல முடியாமல் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தை கூடவே வந்தது. 'நீங்களே'. ஊரில் யார் வேண்டுமானாலும் ஷாம்பு போடலாம், நான் போட்டால் மட்டும் எதையோ துரோகம் செய்துவிட்ட மாதிரி. இந்த 'இயற்கை' எப்போது என் பொறுப்பானது? யார் என்னிடம் ஒப்படைத்தார்கள்? அந்தக் கேள்வியை யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீயக்காய் வேலை செய்கிறது. அதிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்கிற பொருள் இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் நுரைக்கும். எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். சீயக்காய்க்கு லேசான புளிப்பு உண்டு, அதனால் முடி சிடுக்கு விழாமல் படியும். கடை ஷாம்புவில் அந்த வேலையைச் செய்வது சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரத் சல்பேட் மாதிரியான சரக்கு. நுரை அதிகம். சிலருக்குத் தோல் காய்ந்து அரிப்பெடுக்கும். இதிலெல்லாம் எனக்கு மறுப்பே கிடையாது.

எங்கள் ஆயா சீயக்காய் அரைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சந்தையில் கடுக்காய், புளியோடு சீயக்காயும் கொண்டு வருவார்கள். வாங்கி வெயிலில் காயப்போட்டு, வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த ஆவாரம்பூ சேர்த்து உரலில் இடிப்பாள். சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பாள். கண்ணில் விழுந்தால் உயிர் போகும். ஆனால் அது வருஷத்தில் ரெண்டு நாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மற்ற நாட்களில் என்ன போட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. சவுட்டு மண் போட்டோம். வெறும் கஞ்சித்தண்ணி போட்டோம். துணி துவைத்து மிஞ்சின சவுக்காரத்தைப் போட்டோம். பேன் அதிகமானால் சீமெண்ணெய் தடவித் துணி கட்டிவிடுவார்கள். மண்டை எரியும். தலைக்கு எண்ணெய் என்பது உள்ளங்கையில் ரெண்டு சொட்டு, அதையும் தண்ணீர் தொட்டுத் தடவுவது.

இந்த வாழ்க்கையை இன்றைக்கு ஒருவர் 'மண்ணோடு வாழ்ந்தது' என்று சொன்னால் நான் என்ன சொல்ல? மண்ணோடுதான் வாழ்ந்தோம். வேறு எதோடும் வாழ விடவில்லை.

*

நைனா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். தோல் ஷாப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழியில் போடுவார்கள். எதற்கு? முடி எடுக்க. ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் இருக்கிற முடி அந்தத் தண்ணீரில் வேரோடு கழன்று கூழாகிவிடும். அதன்பிறகு ஜவ்வு எடுப்பது, சுண்ணாம்பு போக்குவது, ட்ரம்மில் போட்டு குரோமியம் ஏற்றுவது எல்லாம். நைனா அந்த முதல் குழியின் ஆள். அழுகின முட்டை நாற்றம். கை விரல் இடுக்கெல்லாம் ஓட்டை விழும். முழங்கை வரைக்கும் முடியே கிடையாது அவருக்கு.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கும் முடியைப் பற்றித்தான் வேலை. நைனா தோலிலிருந்து முடியை எடுத்தார். அம்மா எங்கள் தலையில் முடி நிற்கவேண்டும் என்று பாடுபட்டாள்.

அந்த நாற்றம் நைனாவோடு வீட்டுக்கு வரும். துணியில், பாயில், எங்கள் தலையில். நாற்றம் பிடித்துக்கொள்ள முடி மாதிரி ஒன்று கிடையாது. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "உன் மேல ஷாப்பு நாத்தம் அடிக்குதுடி." தோலில் செய்த செருப்பு அந்த வகுப்பில் பல பேர் காலில் இருந்தது. செருப்புக்கு நாற்றம் இல்லை. செருப்புக்குத் தோல் தந்தவன் மகளுக்குத்தான் நாற்றம்.

வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டு நாலு தரம் தேய்த்தேன். போகவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணி உப்பு ஏறின தண்ணி. கால்சியம், மக்னீசியம் உப்பு அதிகமான கடினத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது, திரிந்து தயிர் மாதிரி முடியில் அப்பிக்கொள்ளும். அதற்கு ரசாயனக் காரணம் உண்டு என்று பத்தாவதில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் என் தலையில்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன்.

*

நைனாவுக்கு முந்தின தலைமுறையில் குரோமியம் இவ்வளவு இல்லை. தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை அதில் வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். அப்படிப் பதப்படுத்தின தோல் மெட்ராஸ் வழியாகச் சீமைக்குப் போனது. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று அதற்குப் பெயரே இருந்தது. எழுபதுகளில் பாதி பதமான தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாகப் பதப்படுத்தின தோலும் செருப்பும்தான் போகவேண்டும் என்று ஆன பிறகு குரோமியம் வேகமாகப் பரவியது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடிந்தது.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. தாத்தா செய்தது முழுக்க இயற்கை. ஆவாரை, கடுக்காய், சுண்ணாம்பு, தண்ணீர். இன்றைக்கு வேலூரில் இயற்கை அங்காடி என்று பலகை போட்ட கடையில் ஆவாரம்பூப் பொடி விற்கிறார்கள், முகத்துக்கும் தலைக்கும். கடுக்காய்ப் பொடியும் அதே அலமாரியில். அழகான காகிதப் பை. தாத்தாவின் கை பூராவும் இந்த ரெண்டு வாசனையும்தான் இருந்தது. அந்தக் கையால் தண்ணீர் தொட்டால் தீட்டு என்றார்கள். இயற்கைக்கு மனிதனைச் சுத்தமாக்குகிற குணம் இருந்தால் தாத்தாதான் இந்த ஜில்லாவிலேயே சுத்தமான ஆள். ஏன் இல்லை?

ஏனென்றால் சுத்தம் என்பது பொருளில் இல்லை. யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கான பேர் குடித்தார்கள். அதற்கப்புறம் சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதைப் போட்டு? சாணம், கோமியம், பால், தயிர் கலந்த குடம் குடமான தண்ணீரை மந்திரம் சொல்லி ஊற்றினார்கள். அதுவும் இயற்கைப் பொருள்தான். ரசாயனம் ஒரு சொட்டு கிடையாது. மாட்டின் மூத்திரம் குளத்தைச் சுத்தமாக்கும், மனிதனின் கை அசுத்தமாக்கும் என்ற கணக்கை இயற்கை போடவில்லை, பார்ப்பனியம் போட்டது.

தலைமுடிக்கும் அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்த எட்டில் ஒன்று, ஆண்கள் தலைமுடியை வெட்டி கிராப்பு வைத்துக்கொள்ளக்கூடாது. இன்னொன்று, பெண்கள் பூவும் மஞ்சளும் வைத்துக்கொள்ளக்கூடாது. பாருங்கள், பூ இயற்கை, மஞ்சள் இயற்கை. அவற்றைத்தான் தடுத்தார்கள். வாசனையாக, அழகாக, தலை சீவி நிற்பது என்பதே எங்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று. இதை மறந்துவிட்டு 'உங்கள் மரபுக்குத் திரும்புங்கள்' என்று யாராவது சொன்னால், எந்த மரபுக்கு என்று நான் கேட்கவேண்டியிருக்கிறது.

*

இனி ஷாம்பு. எண்பதுகளில் கடலூரிலிருந்து வெல்வெட், சிக் என்று சின்னப் பாக்கெட் ஷாம்பு வந்தது. அதுவரை ஷாம்பு பாட்டிலில் இருந்தது, பாட்டில் பணக்கார வீட்டில் இருந்தது. இப்போது பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது. ஒரு பாக்கெட்டை நானும் அக்காவும் பாதி பாதி பிரித்தோம். எங்கள் உப்புத் தண்ணியிலும் அது நுரைத்தது! சவுக்காரம் திரிந்துபோன அதே தண்ணி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்து, "நீயும் அதான் போட்டியா?" என்று கேட்டாள். அவள் தலையும் என் தலையும் ஒரே வாசனை. அந்த வாசனைக்கு ஊர் தெரு, சேரி என்று கிடையாது. அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தோழியர் கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். எனக்கு ஷாம்பு என்பது முதலாளித்துவ மோகமாக வரவில்லை. என் தலையிலிருந்து என் சாதியை மோந்து பார்க்கிறவர்களின் மூக்கை அடைக்கத்தான் வந்தது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். அந்த நிமிர்வுக்கு ஆயுசு ஒரு நாள்தான். அடுத்த வாரம் மறுபடியும் பாக்கெட் வாங்கவேண்டும். மூக்கைப் பொத்தினவர் திருந்தவில்லை, நான்தான் என்னை மறைத்துக்கொண்டேன். அம்பேத்கர் குளத்தில் இறங்கினது வேறு, நான் வாசனை பூசிக்கொண்டது வேறு. இன்றைக்கு எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடப்பது அந்த பாக்கெட்டுகள்தான். அதைக் கையால் வாருகிறவரும் நம் ஆள்தான். ஆகவே ஷாம்பு விடுதலை என்று நான் கொடி பிடிக்கமாட்டேன். அந்தப் பேரே கூட நம் பக்கத்துத் தலையிலிருந்து போனதுதான். அமுக்கிவிடு என்று அர்த்தமாகும் இந்துஸ்தானி வார்த்தை அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் அந்தப் பேரில் குளியல்கூடம் நடத்தினார். உடம்பு பிடித்துவிடுவதுதான் அங்கே வேலை. பிடித்துவிட்ட கை மறந்துபோய் பாட்டில் மட்டும் திரும்பி வந்தது.

*

இந்தப் பேச்சையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டின கிழவி. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டாள். "இன்னா போட்டா இன்னாம்மா? மொதல்ல தண்ணி நல்லா கீதான்னு பாரு" என்றாள்.

நாங்கள் நாள்பூரா கூட்டம் போட்டுப் பேசியதில் இந்த ஒரு கேள்வி, தலை முழுகுகிற தண்ணியைப் பற்றி, எழவே இல்லை.

அம்மா சின்னவளாக இருந்தபோது பாலாற்று மணலைக் கையால் தோண்டினால் ஊத்து எடுக்கும். இளநீர் மாதிரித் தண்ணி, சீயக்காய் போட்டால் முடி பட்டாகப் பறக்கும் என்பாள். உடனே அடுத்த வார்த்தை: "ஊரு ஊத்து மேல இருக்கும், நம்ம ஊத்து கீழ. மேல அவங்க குளிச்சி முடிச்சப்புறந்தான் நாம எறங்கணும்." தோல் கழிவு வருவதற்கு முன்னாலேயே அந்த ஆறு பிரிந்துதான் ஓடியது. தெளிந்த பாலாற்றை நினைத்து நான் அழத் தயார். அந்தப் பழைய பாலாறு அப்படியே வேண்டும் என்று கேட்கத் தயாராக இல்லை.

பிறகு வந்ததை எல்லோரும் அறிவோம். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது, உலகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், குரோமிய முறையில் சுமார் 170 வகை ரசாயனம், பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2001இல் 29,193 பேருக்கு சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டார்கள். 2015 ஜனவரி 31 விடியுமுன்னே ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேறு மூடித்தான் செத்தார்கள். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. 1996க்கும் 2025க்கும் நடுவே ஒரு தலைமுறையே நரைத்துவிட்டது.

நிலம் உள்ளவனின் இழப்பை ஏக்கரில் அளக்கலாம். நிலமில்லாதவளுக்கு என்ன கணக்கு? கடினத் தண்ணியில் குளித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடிக்குப் பட்டா உண்டா? அந்தத் தண்ணியில் சீயக்காய் போட்டுப் பார்த்திருக்கிறேன். அரைத்த பொடி முடியில் ஒட்டிக்கொண்டு, அலச அலச நாராகத் திரியும். நல்ல தண்ணி ஓடுகிற குழாயடியில் நின்று சீயக்காயின் பெருமை பேசுவது சுலபம். எங்கள் தெருவில் அந்தப் பெருமைக்கு ஒரு குடம் கேன் தண்ணி விலை ஆகும்.

தண்ணி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். என் அக்கா மகள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் சோறாக்கி, பிள்ளையைக் கிளப்பி, தானும் கிளம்பவேண்டும். அவள் எந்த நேரத்தில் எண்ணெய் வைத்து ஊறி, பொடி கரைத்துத் தேய்த்து, சாம்பிராணி போட்டு உலர்த்துவாள்? பழைய எண்ணெய்க் குளியலில் ஆண் உட்கார்ந்திருப்பான், பெண் தேய்த்துவிடுவாள். அந்தக் கணக்கையும் இயற்கை என்று சொல்லி எங்கள் பெண்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

*

மற்றவர்களை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் சரியில்லை. நம்மையும் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது.

நாங்கள் தலைக்குப் போட்ட சவுட்டு மண்ணை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார்? சேரிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் வீட்டு அம்மா. எந்த இடத்து மண் அழுக்கைப் பிடிக்கும், எந்த மண் முடியைக் கொட்டவைக்கும் என்று அவருக்குத் தெரியும். தீட்டுத்துணி வரைக்கும் அவர்தான் எடுத்துப்போவார். ஆயா அவரிடம் மண்ணை வாங்குவாள். மிச்சம் இருக்கிற சோற்றைப் போடுவாள். திண்ணையில் உட்காரச் சொன்னதே இல்லை. அந்த அம்மா என் ஆயாவைவிட மூத்தவர். ஆயா அவரை 'வாடி போடி' என்பாள், அவர் ஆயாவை 'ஆண்டே' என்பார்.

சின்ன வயசில் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பாகத் தோன்றவில்லை. டீச்சர் மூக்கைப் பொத்தினதை நாற்பது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறவள், அந்த அம்மாவின் பேரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. அழுக்கை எடுக்கிறவரையே அழுக்கு ஆக்குவதுதான் சாதியின் அடிப்படை விதி என்று மேடையில் பேசுகிறேன். அந்த விதி எங்கள் திண்ணையிலும் நடந்தது. சவுட்டு மண்ணையும் சீயக்காயையும் 'நம் அறிவு' என்று சொந்தம் கொண்டாடுவதற்கு முன்னால் அது யாருடைய அறிவு, அவரை எங்கே உட்காரவைத்தோம் என்று சொல்லவேண்டும்.

ஆகவே என் முடிவு இப்படி இருக்கிறது. ஷாம்புவா சீயக்காயா என்பது ரெண்டாவது கேள்வி. தண்ணி யாருடையது, நேரம் யாருடையது, ஒருத்தர் சுத்தமாவதற்கு இன்னொருத்தர் எங்கே குனியவேண்டியிருக்கிறது, இதுதான் முதல் கேள்வி. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து ரெண்டாவதற்குப் போகிறவர்களின் இயற்கை, பழைய தீட்டுக்கு வைத்த புதுப்பேர் ஆகிவிடும். முதல் கேள்வியைக் கேட்டுவிட்டால் சீயக்காய் எங்களுக்கும் வேண்டும். ஏன் வேண்டாம்? அயோத்திதாசர் தீபாவளிக்குச் சொன்ன விளக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வழியைப் பௌத்தர்கள் கண்டறிந்து, தலையில் தேய்த்து நீராடி அதன் குணத்தை ஊருக்கு அறிவித்த நாள் அது என்றார். நரகாசுரனைக் கொன்ற கதையை அவர் ஏற்கவில்லை. வருஷத்தில் ரெண்டு நாள் பிச்சை மாதிரிக் கிடைத்த எண்ணெயைக் கண்டுபிடித்ததே நம் முன்னோர்தான் என்று அவர் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த நிமிர்வு ஷாம்பு கொடுத்ததைவிட அதிக நாள் நின்றது.

இப்போது எங்கள் தெருவுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, சில நாளுக்கு ஒருமுறை. அது வந்த ஞாயிற்றுக்கிழமையில் என் மகளுக்குச் சீயக்காய் தேய்த்துவிடுகிறேன். வராத வாரம் ஷாம்பு. அவள் போன வாரம் கேட்டாள்: "ஏம்மா, நம்ம பாலாத்துலயே தண்ணி இருக்கும்போது மேட்டூர்லேர்ந்து ஏன் கொண்டாறாங்க?" பாலாற்றில் தண்ணி இருந்த கதையையும், அதில் எங்கள் ஊத்து கீழே இருந்த கதையையும், தாத்தாவின் கையையும், பேர் தெரியாத அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் பதில் சொல்லவேண்டும். கண்ணில் சீயக்காய் விழாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

தோழியரை மறுபடி பார்த்தால் அவரிடமும் இதைச் சொல்வேன். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்வேன். எங்கள் கிணற்றுத் தண்ணியில் ஒருமுறை அவரும் தலைக்கு ஊற்றிக்கொள்ளட்டும். பிறகு உட்கார்ந்து பேசலாம்.